கொள்ளை நோயும் கட்சி நோயும்

கொரோனா என்னும் கொள்ளை நோய் வந்து போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவர்களைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. ஆனால் அந்த நோயைப் பற்றிய சண்டை மாத்திரம் நமது திருப்பூர் டீக்கடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரே பனியன் கம்பெனியில், ஒரே கட்டிங் டேபிளில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்கிற இரண்டு தோழர்களை நாம் அறிவோம். ஒருவர், “நம் பிரதம மந்திரி இல்லாவிட்டால் பாதி தேசம் அழிந்திருக்கும், அமெரிக்காவைப் பார், இத்தாலியைப் பார்” என்கின்றார். மற்றவர், “அந்த ஆளால்தான் இத்தனை பேர் செத்தார்கள், நியூசிலாந்தைப் பார், வியட்நாமைப் பார்” என்கின்றார். இருவரும் மாமன் மச்சான் முறை. இந்தப் பேச்சினால் பல மாதம் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார்கள். இவ்விருவரில் எவரிடமாவது ஏதாவது கணக்கு இருக்கின்றதா என்று கேட்டால், இருவரிடமும் இருப்பது கைப்பேசியில் யாரோ அனுப்பிய படம்தான்.

நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அறிவு. ஆனால் எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் சூழ்ச்சி இருக்கின்றது. நமது ஊரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கின்ற டெய்லர் என்ன செய்கின்றார்? எத்தனை பீஸ் தைத்தோம் என்று தன் சொந்த நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுகின்றார். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கான்ட்ராக்டர் சொல்லுகிற கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. தன் ஜாதிக்காரர் என்றோ, தன் கட்சிக்காரர் என்றோ பத்து பீஸை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். பத்து பனியனுக்கு இவ்வளவு ஜாக்கிரதையாய் இருக்கின்ற நாம், தாய் தகப்பன் உயிர் போன கணக்கை மாத்திரம் கட்சிக்காரன் வாயிலிருந்து கேட்டுத் திருப்தி அடைகின்றோமே, இதைவிட முட்டாள்தனம் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

வெளிநாட்டுக் கணக்கு

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். பணத்திலும் மருத்துவத்திலும் ஆராய்ச்சியிலும் அதற்கு மிஞ்சிய தேசம் இல்லை. அங்கே 11 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நோயால் மாண்டார்கள். என்ன காரணம்? மூக்கையும் வாயையும் மூடுகின்ற ஒரு முழத் துணி அங்கே கட்சிக் கொடியாகிவிட்டது. துணி கட்டினால் ஒரு கட்சி, கட்டாவிட்டால் இன்னொரு கட்சி. ஜனாதிபதி டிரம்ப், 2020 ஏப்ரல் 23-ந் தேதி, கிருமி நாசினியை உடம்புக்குள் செலுத்திப் பார்க்கலாமா என்று பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் பேசினார். பின்பு தடுப்பூசி வந்தது. ஒஹாயோ, புளோரிடா ஆகிய இரண்டு மாகாணங்களில், செத்தவர்கள் எந்தக் கட்சியில் பதிவு செய்திருந்தார்கள் என்று எடுத்து ஆராய்ந்து பார்த்தார்கள். தடுப்பூசி எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்த பிறகு, ஊசியைச் சந்தேகிக்கும்படி போதிக்கப்பட்ட குடியரசுக் கட்சிக்காரர்களிடையேதான் அதிகப்படியான சாவு கூடுதலாய் இருந்தது. கிருமிக்குக் கட்சி இல்லை. கட்சிக்காரனுடைய மூளைதான் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டது.

பிரேசில் நாட்டு ஜனாதிபதி பொல்சனாரோ, இது வெறும் சளிக்காய்ச்சல் என்றார். ஒரு சுகாதார மந்திரியை நீக்கினார். அடுத்து வந்த மந்திரி ஒரு மாதத்துக்குள் தானே விலகிக்கொண்டார். அங்கு சுமார் 7 லட்சம் பேர் மாண்டார்கள்.

நியூசிலாந்தோ 2020 மார்ச்சில் கதவடைத்தது. ஜூன் 8-ந் தேதி நோயாளி ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தது. அந்த வருஷம் முழுவதிலும் 30 பேருக்கும் குறைவாகவே செத்தார்கள். ஆனால் அது கடல் நடுவில் 50 லட்சம் பேர் வாழும் தீவு என்பதையும், அடைபட்ட ஜனங்களுக்குச் சர்க்கார் கூலிப்பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வியட்நாமில் 2020-ல் செத்தவர்கள் 35 பேர். அடுத்த வருஷம் புது ரூபத்தில் நோய் வந்து சைகோன் நகரத்தையே உலுக்கியது. கடைசியில் சாவுக் கணக்கு 40 ஆயிரத்தைத் தாண்டிற்று. சுவீடன் நாடு கட்டாயமாகக் கதவடைக்கவில்லை. 2020-ல் அண்டை நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட அங்கே அதிகம் பேர் செத்தார்கள். அந்நாட்டு மன்னரே நாம் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும், இரண்டு மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஐரோப்பாவில் அதிகப்படியான சாவு குறைவாய் இருந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று.

இதிலிருந்து என்ன தெரிகின்றது? ஒரு வருஷத்துக் கணக்கை மாத்திரம் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தால், எந்தக் கட்சிக்காரனும் தனக்கு வேண்டிய நாட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் நமது டீக்கடைச் சண்டை முடிவதேயில்லை. சர்வாதிகாரம் இருந்தால் நோய் ஒழியும் என்பாரும் சிலர் உண்டு. சீனாவில் லீ வென்லியாங் என்னும் கண் வைத்தியர் தம் சிநேகிதர்களை எச்சரித்ததற்காக, 2020 ஜனவரி 3-ந் தேதி போலீஸார் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்து எழுதி வாங்கினார்கள். பிப்ரவரி 7-ந் தேதி அவரே அந்நோயால் மாண்டார். உண்மையைச் சொன்ன வாயை மூடுவதை எந்த ராஜ்யம் செய்தாலும் பலன் ஒன்றுதான்.

தட்டும் விளக்கும்

இது நிற்க, நம் தேசத்துக் கதையைப் பார்ப்போம். 2020 ஜனவரி 30-ந் தேதி திருச்சூரில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்குக் கைதட்டச் சொன்னார்கள். ஜனங்கள் கையையும் தட்டினார்கள், தட்டையும் தட்டினார்கள். பாத்திரம் செய்து உலகுக்கு அனுப்புகின்ற அனுப்பர்பாளையம் நமது பக்கத்திலேயே இருக்கின்றது. தட்டு எதற்கு என்று அந்தப் பட்டறைத் தொழிலாளியைக் கேட்டால், சோறு போட்டுத் தின்பதற்கு என்பார். அந்தச் சோறு எங்கிருந்து வரும் என்பதைத்தான் நமது சர்க்கார் யோசிக்கவில்லை. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு 12 மணிக்குத் தேசம் முழுவதும் மூடப்பட்டது. நாலு மணி நேரம்! கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடிகிற நேரம்கூட இல்லை. ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். கைதட்டச் சொன்னது வைத்தியர்களுக்கு நன்றி சொல்லத்தான் என்றார்கள். நன்றி சொல்ல வேண்டியதுதான். யார் வேண்டாம் என்றது? ஆனால் அதே மாதத்தில் சென்னையில் நோயாளிகளுக்குச் சேவை செய்து மாண்ட ஒரு வைத்தியரின் பிணத்தைப் புதைக்கவிடாமல், கும்பல் கூடிக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்களே, அந்த விளக்கின் வெளிச்சம் அப்போது எங்கே போயிற்று?

அந்த ஏப்ரல் மாதத்தில் நாமும் சில தோழர்களும் அரிசி பருப்பு மூட்டையுடன் காங்கேயம் ரோட்டுப் பக்கம் லைன் வீடுகளுக்குப் போனோம். ஒரே அறையில் ஒரிசாவைச் சேர்ந்த பதினொரு பையன்கள். கூட்டி வந்த கான்ட்ராக்டரின் போன் அடைத்துக் கிடக்கின்றது. சம்பள பாக்கி வரவில்லை. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கின்றார். நமது மூட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “ரயில் எப்போது, அண்ணா?” மே மாதத்தில்தான் திருப்பூரிலிருந்து ரயில் விட்டார்கள். அதற்குள் தேசமெங்கும் எத்தனையோ பேர் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மே 8-ந் தேதி மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கம், நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளிகள் மேல் சரக்கு ரயில் ஏறிற்று. சிதறிக் கிடந்த ரொட்டித் துண்டுகளைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

அவ்வருஷம் செப்டம்பரில், ஊர் திரும்பும்போது எத்தனை தொழிலாளிகள் செத்தார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டதற்கு, தொழிலாளர் இலாகா கணக்கே இல்லை என்றது. அதே மாதத்தில் ரயில்வே இலாகாவோ, தனது விசேஷ ரயில்களில் மாத்திரம் 97 பேர் செத்ததாகக் கணக்குச் சொல்லிற்று. 2021-ல் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் துடித்ததை உலகமே பார்த்தது. ஜூலையில் பார்லிமெண்டில் கேட்டபோது, ஆக்சிஜன் குறைவால் செத்ததாக மாகாணங்களிலிருந்து தகவல் எதுவும் வரவில்லை என்றார்கள். கணக்கு எழுதாதவனுக்கு நஷ்டமே கிடையாது அல்லவா?

சாமிகள் எங்கே போயின?

நோய் வந்தவுடனே முதலில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் கடவுள்கள்தான். 2020 மார்ச்சில் திருப்பதி சாத்தப்பட்டது. மெக்காவில் யாத்திரை நிறுத்தப்பட்டது. ரோமாபுரியில் போப்பாண்டவர் வெறும் மைதானத்தில் பிரார்த்தனை செய்தார். எல்லாச் சாமிகளும் ஒற்றுமையாய் வைத்தியர் சொல்லைக் கேட்ட காலம் அது ஒன்றுதான். இதில் நமக்குக் குறையொன்றுமில்லை. சாமியாடிகளும் மதவாதிகளும் அதோடு சும்மா இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

டில்லியில் தப்லீக் ஜமாத்தார் கூடினார்கள். அந்தச் சமயத்தில் கூடியது புத்திசாலித்தனம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகின்றார்கள் என்று ஊரெங்கும் விஷத்தைத் தூவினார்கள். தள்ளுவண்டிக்காரனிடம் காய் வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்கினார்கள். 2020 ஆகஸ்டில் பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு, அந்த வெளிநாட்டுக்காரர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லி வழக்குகளைத் தள்ளிற்று. விஷம் கக்கிய வாய்கள் ஒன்றாவது மன்னிப்புக் கேட்டதா? மறு வருஷம் ஏப்ரலில், நோய் முன்னிலும் பயங்கரமாய் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில், ஹரித்துவாரத்தில் கும்பமேளாவுக்கு லட்சக்கணக்கில் கூடினார்கள். நோயின் பயத்தைக் கடவுள் நம்பிக்கை வென்றுவிடும் என்று அம்மாகாணத்து முதல் மந்திரியே தைரியம் சொன்னார். டில்லியில் கூடினால் குற்றம், கங்கையில் கூடினால் புண்ணியமா? கிருமிக்குக் குல்லாயும் தெரியாது, குடுமியும் தெரியாது.

நமது கொங்குச் சீமையின் யோக்கியதை என்ன? 2021 மே மாதத்தில் கோயமுத்தூர் இருகூரில் ஒரு ஆதீனத்தார் “கொரோனா தேவி” என்று கல்லில் சிலை செய்து வைத்து, 48 நாள் பூஜை ஆரம்பித்தார்கள். அந்தத் தேவியைக் கும்பிடப் பொதுமக்களை உள்ளே விடவில்லையாம்; ஏனென்றால் நோய் தொற்றிவிடுமாம்! கோயமுத்தூரில் முன்னே பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மன் வைக்கவில்லையா என்று இதற்கு ஆதாரமும் காட்டினார்கள். பிளேக்கை ஒழித்தது எலி ஒழிப்பும் மருந்துமா, மாரியம்மனா? அம்மை நோயை ஆயிரக்கணக்கான வருஷம் “அம்மா வந்திருக்கிறாள்” என்று வேப்பிலை கட்டிக் கும்பிட்டோம், அவள் போகவில்லை. ஊசி குத்தினார்கள், 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை, 1980-ல் உலகத்திலேயே இல்லை. கும்பிட்டு ஒழிந்த நோய் ஒன்றையாவது யாராவது காட்ட முடியுமா?

பக்கத்துத் தீவான இலங்கையைப் பாருங்கள். பிணத்தைப் புதைத்தால் நோய் பரவும் என்று சொல்லி, செத்த முஸ்லிம்களையும் கட்டாயமாய் எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் தாய் தகப்பன் சம்மதமின்றி எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் புதைக்க விட்டார்கள். 2024 ஜூலையில்தான் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. அதே தேசத்தில் சுகாதார மந்திரி பவித்ரா வன்னியாராச்சி, மந்திரித்த பானையை ஆற்றில் போட்டார். காளியருள் பெற்றவர் காய்ச்சிய பாணியைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். விஞ்ஞானத்தைச் சிறுபான்மையோரை வதைப்பதற்கும், மந்திரத்தை வைத்தியத்துக்கும் உபயோகிக்கிற ராஜ்யத்தின் லட்சணம் இதுதான்.

நம் வீட்டுக் கட்சி நோய்

மதக்காரர்களை மாத்திரம் கண்டித்துவிட்டு நம் வீட்டுக் கட்சிகளை விட்டுவிடுவது யோக்கியம் ஆகாது. 2020-ல் நம் மாகாண சர்க்கார், சென்னையில் மாத்திரம் 444 சாவுகள் கணக்கில் விட்டுப்போனதாக ஜூலையில் தானே ஒப்புக்கொண்டு சேர்த்தது. 2021 ஏப்ரல் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல். அதற்கு முன் எந்தக் கட்சியாவது, எந்தத் தலைவராவது, கூட்டம் வேண்டாம் என்று சொன்னதுண்டா? தேர்தல் கமிஷனே இரண்டாவது அலைக்குப் பொறுப்பு என்று ஏப்ரல் 26-ந் தேதி சென்னை ஐகோர்ட் காய்ந்து விழுந்தது. புது சர்க்கார் மே 7-ந் தேதி ஏற்பட்டது. மே 24-ந் தேதி முதல் தளர்வில்லாமல் மூடப்போகின்றோம் என்று சொல்லி, அதற்கு முந்தின இரண்டு நாளும் கடைகளையும் பஸ்களையும் தாராளமாய்த் திறந்துவிட்டது. ஜனங்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரதம மந்திரி கொடுத்தது நாலு மணி நேரம். இவர்கள் கொடுத்தது இரண்டு நாள். அங்கே வயிறு அடைபட்டது. இங்கே கூட்டம் பெருத்தது. அளவாய்ச் செய்வது என்பது இரண்டு பக்கத்துக்கும் வரவில்லை.

அந்த மே மாதக் கடைசியில் கோயமுத்தூரில் தினசரி நோயாளிக் கணக்கு சென்னையையே மிஞ்சிற்று. திருப்பூரும் ஈரோடும் தத்தளித்தன. கோயமுத்தூர் ஜில்லாவில் பத்து ஸ்தானமும் அண்ணா தி.மு.க. கூட்டணிக்குப் போயிருந்தது. திருப்பூரில் எட்டில் ஐந்து அவர்களுக்கு, மூன்று இவர்களுக்கு. உடனே, ஓட்டுப் போடாததால் கொங்கு நாட்டைச் சாகவிடுகின்றார்கள் என்று ஒரு சாரார் ஆரம்பித்தார்கள். முதல் மந்திரி வரும்போது திரும்பிப் போ என்று கைப்பேசியில் கோஷம் போட்டார்கள். இவர்களுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று மறு சாராரில் சிலர் பேசினார்கள். முதல் மந்திரி ஸ்டாலின் மே 30-ந் தேதி பாதுகாப்பு உடை தரித்து, கோயமுத்தூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வார்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். அதையும் ஒரு சாரார் வீரம் என்றார்கள், மறு சாரார் நாடகம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, எத்தனை சிலிண்டர், எத்தனை நர்சு என்று மாத்திரம் இரு சாராரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் கொன்றது என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். ஊசிக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய நிபுணர் குழு ஆராய்ந்து சொல்லும்போது மாதங்கள் பல ஓடிவிட்டன. அதற்குள் பயந்து ஊசி போடாமலே செத்தவர்கள் எத்தனை பேரோ! புரளிக்கு ஓடுகின்ற கால் உண்மைக்கு இல்லை.

எங்கே அந்த நோட்டு?

இப்போது கணக்குக்கு வருவோம். நோயால் செத்தவர்கள் மொத்தம் சுமார் 5 லட்சத்து 33 ஆயிரம் என்கின்றது இந்திய சர்க்கார். 2020, 2021 ஆகிய இரு வருஷத்திலும் அதிகப்படியாய்ச் செத்தவர்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அது வெறும் மதிப்பு, முறை தப்பு என்று நம் சர்க்கார் மறுத்தது. நல்லது. மதிப்பை விட்டுவிடுவோம். சர்க்காரின் சொந்த ஜனன மரணப் பதிவைப் பார்ப்போம். 2019-ல் பதிவான மரணம் சுமார் 76 லட்சம். 2020-ல் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம்! ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடிற்று. அந்த 2021-ம் வருஷப் புஸ்தகமோ 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. பதிவு முன்னிலும் ஒழுங்காய் நடந்ததால் கொஞ்சம் கூடியிருக்கலாம். நோய்க்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறு வியாதியால் செத்தவர்களும் இதில் இருக்கலாம். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தாலும், மிச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? கான்ட்ராக்டரின் நோட்டும் டெய்லரின் நோட்டும் இவ்வளவு வித்தியாசப்பட்டால், திருப்பூரில் அந்தக் கம்பெனி வாசலில் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியாதா?

“நமது தேசம் பெரிய தேசம், ஏழைத் தேசம், வேறு யார் இருந்தாலும் இப்படித்தான் ஆகும்” என்று சிலர் சமாதானம் சொல்லுகின்றார்கள். ஏழைத் தேசம் என்பதனால்தானே, நாலு மணி நேரத்தில் கதவடைக்கக் கூடாது என்கின்றோம்? பெரிய தேசம் என்பதனால்தானே, கணக்கு அதிக ஜாக்கிரதையாய் வேண்டும் என்கின்றோம்? “முடிந்துபோனதை ஏன் கிளற வேண்டும்” என்பார் வேறு சிலர். 1918-ல் இன்புளுயன்சா வந்து இந்தியாவில் கோடிக்கு மேல் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அதை மறந்தோம், 2020-ல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சிங்கப்பூரில் ஒன்று கற்றுக்கொள்ளலாம். 2020-ல் அங்கே நமது தமிழ்த் தோழர்களும் வங்காளத் தோழர்களும் அடைந்து கிடந்த தொழிலாளர் விடுதிகளில்தான் நோய் பற்றி எரிந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் வந்து போனது என்பதைப் பரிசோதித்து, அந்தச் சர்க்காரே அவ்வருஷ முடிவில் வெளியிட்டது. செத்தவர்கள் வெகு சிலரே. ஆயினும் ஊர் திறந்த பிறகும் அத்தொழிலாளிகளை மாத்திரம் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கணக்கில் யோக்கியம், கூலிக்காரனை நடத்துவதில் அயோக்கியம். முன்னதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னதைத் தள்ள வேண்டும். ஒப்பிடுவது என்பதற்கு இதுதான் அர்த்தமே தவிர, கொடி பிடிப்பது அல்ல.

ஆகவே நமது திருப்பூர்த் தோழர்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். ஆனால் தத்தம் கட்சித் தலைவரிடம் நாலு விஷயம் கேட்கட்டும். 2020, 2021-ல் நமது ஜில்லாவில் செத்தவர்களின் கணக்கை வார்டுவாரியாய் வெளியிடு. கம்பெனி ஹாஸ்டலிலும் லைன் வீட்டிலும் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணி வை. மறுபடி கதவடைத்தால், அடைத்த நாளுக்குக் கூலி யார் தருவது என்று இன்றே சட்டம் எழுது. வடக்கத்தித் தொழிலாளியின் பெயரும் ஊரும் கான்ட்ராக்டரின் சட்டைப் பையில் இல்லாமல், சர்க்கார் பதிவில் இருக்கச் செய்.

அந்தக் கட்டிங் டேபிள் தோழர்கள் இருவரும் 2021 மே மாதத்தில் ஆளுக்கு ஒரு சாவைக் கண்டவர்கள். ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு அண்ணன். இருவர் வீட்டுச் சர்டிபிகேட்டிலும் கொரோனா என்ற சொல்லே இல்லை. இருவரையும் சேர்த்து உட்கார வைத்து நாம் கேட்டோம்: “அமெரிக்காக் கணக்கும் நியூசிலாந்துக் கணக்கும் இருக்கட்டும், உங்கள் வீட்டுக் கணக்கு எந்த நோட்டில் இருக்கின்றது?” இருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரண்டு பேரும் ஒன்றாகவே எழுந்து போனார்கள். மறு வாரம் இருவரும் சேர்ந்து, சர்டிபிகேட்டைத் திருத்தித் தரும்படி மனு எழுத வேண்டும் என்று நம்மிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்திருக்கின்றோம். இதுபோன்ற வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கும். அவர்களும் வரட்டும், எழுதித் தரத் தயாராய் இருக்கின்றோம்.